11 மாத விசாவும் ஒரு கேள்வியும்

நேயர்களுக்கு வணக்கம்.

சில வாரங்களுக்கு முன் ஒரு தம்பி என்னைப் பார்க்க வந்தார். பி.காம். முடித்தவர். கையில் தடித்த ஒரு கோப்பு. "மேடம், லண்டன் போய் ஆங்கிலம் படிக்கப் போகிறேன். விசாவுக்குக் கொடுக்கும் முன்னால் இந்தப் பேப்பரை எல்லாம் ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள்" என்றார். கல்லூரியில் முப்பது ஆண்டுகள் ஆங்கிலம் கற்பித்தவள் என்பதால் இப்படிச் சிலர் என்னைத் தேடி வருவார்கள். காசு வாங்குவதில்லை. காப்பிகூட நான்தான் கொடுக்கிறேன்.

கோப்பைப் புரட்டினேன். பாஸ்போர்ட் நகல், பள்ளியின் அனுமதிக் கடிதம், வங்கிக் கணக்கு, அப்பாவின் நிலப் பத்திரம் எல்லாம் இருந்தன. மூடி வைத்துவிட்டுக் கேட்டேன்: "ஏன் தம்பி, ஆங்கிலம் நம் ஊரில் கிடைக்காதா?"

தம்பி சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அந்த விசா அதிகாரியும் சிரிக்கமாட்டார். ஆங்கிலம் படிக்க இங்கிலாந்து போகிற ஜப்பான்காரரிடமோ துருக்கிக்காரரிடமோ இந்தக் கேள்வி அவ்வளவு அழுத்தமாக எழாது. நம்மிடம் எழும். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஆங்கிலம் படிக்கிறோம், கல்லூரிப் பட்டத்தையே ஆங்கிலத்தில் வாங்குகிறோம். பிரிட்டிஷ் கவுன்சிலே சென்னையில் ஆங்கில வகுப்பு நடத்துகிறது. அப்படியிருக்க, பல லட்சம் செலவழித்து அங்கே போய்ப் படிப்பது ஏன்? இதற்கு நேர்மையான பதில் இருந்தால் விண்ணப்பத்தில் பாதி வேலை முடிந்தது. இல்லையென்றால் எத்தனை பேப்பர் வைத்தாலும் கோப்புதான் தடிக்கும்.

சரி, முதலில் எந்த விசா என்று பார்த்துவிடுவோம். இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். ஆங்கிலம் மட்டும் படிக்கப் போகிறவர்களுக்குப் பிரிட்டனில் மூன்று வழிகள் உண்டு. படிப்பு 6 மாதத்துக்குள் முடியுமானால் சாதாரண வருகையாளர் விசாவே போதும். பள்ளி மட்டும் அங்கீகாரம் பெற்றதாக இருக்க வேண்டும். 6 மாதத்துக்கு மேல், 11 மாதம் வரை என்றால் அதற்கென்றே குறுகியகாலப் படிப்பு விசா ஒன்று இருக்கிறது. அதையும் தாண்டினால், எல்லோரும் பேசும் அந்த மாணவர் விசா.

மூன்றாவது வழியில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஆங்கிலம் படிக்க மாணவர் விசா வேண்டுமென்றால், உங்களுக்கு ஓரளவு ஆங்கிலம் தெரியும் என்று முதலில் தேர்வு எழுதி நிரூபிக்க வேண்டும். நீங்கள் சேரும் வகுப்பும் மொழித்திறனை அளக்கும் ஐரோப்பிய அளவுகோலில் பி-2 என்னும் உயர் இடைநிலைக்குக் கீழே இருக்கக்கூடாது. நீச்சல் தெரிந்தால்தான் நீச்சல் வகுப்பில் சேர்ப்போம் என்கிற கதைதான். 11 மாத விசாவுக்கு இந்தத் தேர்வு கிடையாது. அடிப்படையிலிருந்து படிக்க நினைப்பவருக்கு அதுதான் பொருத்தம்.

ஆனால் அந்த விசாவில் எவையெல்லாம் முடியாது என்பதைக் காதைத் தீட்டிக்கொண்டு கேளுங்கள். வேலை செய்ய முடியாது. பகுதி நேரமும் கூடாது, சம்பளமில்லாத பயிற்சியும் கூடாது. அங்கே இருந்துகொண்டே நீட்டிக்க முடியாது. மனைவியையோ கணவரையோ குழந்தைகளையோ உடன் வருபவர்களாக அழைத்துப்போக முடியாது. ஆங்கிலம் தவிர வேறு படிப்பில் சேர முடியாது. "முதலில் இதில் போய் இறங்கிவிடுங்கள், அப்புறம் வேலைக்கு மாற்றிக்கொள்ளலாம்" என்று எந்த ஏஜென்ட் சொன்னாலும், அவர் கொடுத்த டீயைக்கூடக் குடிக்காமல் எழுந்து வந்துவிடுங்கள். கடன் வாங்கிப் போய், அங்கே சம்பாதித்து அடைக்கலாம் என்று கணக்குப் போடுபவர்களுக்கான விசா இல்லை இது.

கட்டணம் என்று பார்த்தால், விசாவுக்கு 200 பவுண்டுக்குச் சற்று மேல். அதோடு மருத்துவ வசதிக்கான கூடுதல் கட்டணம் ஒன்று உண்டு. அது விசா கட்டணத்தைப்போல் மூன்று மடங்குக்கும் மேல் வரும். விளம்பரங்களில் இதைச் சொல்லவே மாட்டார்கள். விசா மறுக்கப்பட்டால் மருத்துவக் கட்டணம் திரும்பி வரும், விசா கட்டணம் வராது. 6 மாதத்துக்கு மேல் தங்குவதானால், அவர்கள் அங்கீகரித்த மருத்துவமனையில் காசநோய்ப் பரிசோதனை செய்துகொண்டு சான்றிதழ் வைக்க வேண்டும். உங்கள் குடும்ப மருத்துவர் எழுதிக் கொடுப்பது செல்லாது.

இனி பணம். இதைக் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும்.

அந்தத் தம்பியின் வங்கிக் கணக்கைப் பார்த்தேன் அல்லவா? வருடம் முழுக்க நாலாயிரம், ஏழாயிரம் என்று இருந்த கணக்கில் ஒரு வியாழக்கிழமை பத்து லட்சம் வந்து உட்கார்ந்திருந்தது. "சித்தப்பா போட்டார் மேடம். விசா வந்ததும் எடுத்துக்கொள்வார்" என்றார் தம்பி. எவ்வளவு வெள்ளந்தியாகச் சொன்னார் பாருங்கள். சொல்லாமல் விட்டாலும் அந்தக் கணக்கே இதைச் சொல்லிவிடும். கணக்கைப் படிக்கிறவர் கடைசி வரியில் இருக்கும் தொகையோடு நிறுத்துவதில்லை. பணம் எங்கிருந்து வந்தது, எத்தனை நாளாக இருக்கிறது, இந்த வீட்டின் வருமானத்துக்கு அது பொருந்துகிறதா என்று பார்ப்பார். மாதம் முப்பதாயிரம் வருமானம் உள்ள வீட்டில் பத்து லட்சம் முளைத்தால், அது எந்த விதையிலிருந்து முளைத்தது என்று கேட்பது அவர் வேலை.

"28 நாள் கணக்கில் இருந்தால் போதும் என்று ஏஜென்ட் சொன்னாரே" என்றார் தம்பி. அந்த 28 நாள் விதி மாணவர் விசாவுடையது. 11 மாத விசாவுக்கு இவ்வளவு தொகை, இத்தனை நாள் என்று வரையறை கிடையாது. வேலை பார்க்காமலேயே படிப்புச் செலவு, தங்குமிடம், சாப்பாடு, திரும்பி வரும் பயணம் எல்லாவற்றையும் சமாளிக்க முடியும் என்று அதிகாரிக்குத் தோன்ற வேண்டும், அவ்வளவுதான். வரையறை இல்லாததால் இது சுலபம் என்று நினைக்காதீர்கள்.

சித்தப்பா உண்மையிலேயே செலவை ஏற்கத் தயாரென்றால் அதில் தவறே இல்லை. அப்படியானால் பணத்தை இங்கே மாற்றி நாடகம் போட வேண்டாம். பணம் சித்தப்பா கணக்கிலேயே இருக்கட்டும். அவருடைய கணக்கு, வருமான வரித் தாக்கல், உறவைக் காட்டும் ஆதாரம், "இவன் படிப்புச் செலவை நான் ஏற்கிறேன், காரணம் இது" என்று ஒரு கடிதம். உள்ளதை உள்ளபடி வையுங்கள். பத்திரம், பட்டா எல்லாம் தமிழில்தானே இருக்கும்? ஆங்கிலத்திலோ வெல்ஷ் மொழியிலோ இல்லாத எந்த ஆவணத்துக்கும் சான்றளித்த மொழிபெயர்ப்பு வேண்டும். வெல்ஷில் பட்டா வைத்திருக்கும் நேயர்களுக்கு மட்டும் விலக்கு!

அதிகாரிகளுக்கு ஏன் இவ்வளவு சந்தேகம் என்று கேட்பீர்கள். அதற்கு ஒரு பழைய கதை உண்டு. 2014 பிப்ரவரியில் பி.பி.சி.யின் பனோரமா நிகழ்ச்சி, லண்டனில் விசாவுக்கான ஆங்கிலத் தேர்வு நடந்த விதத்தை ஒளிப்பதிவு செய்து ஒளிபரப்பியது. விண்ணப்பித்தவருக்குப் பதிலாக வேறொருவர் தேர்வு எழுதினார். விடைகளை ஒருவர் சத்தமாகப் படித்தே காட்டினார். அந்தத் தேர்வை நடத்திய அமெரிக்க அமைப்பு 58,000-க்கும் மேற்பட்ட தேர்வுகளின் குரல் பதிவுகளைச் சோதித்து, ஏறத்தாழ 34,000 தேர்வுகள் செல்லாதவை என்றும் 22,000-க்கும் மேற்பட்டவை சந்தேகத்துக்குரியவை என்றும் சொன்னது. ஆயிரக்கணக்கானவர்களின் விசா ரத்தானது. அவர்களில் குற்றமே செய்யாதவர்களும் இருந்தார்கள். ஆண்டுக்கணக்கில் வழக்காடி வென்றவர்கள் உண்டு. படிப்பையும் பெயரையும் இழந்து வீட்டுக்கு என்ன சொல்வது என்று தெரியாமல் தவித்தவர்களும் உண்டு. அப்பாவிகளைக் காப்பாற்ற உள்துறை போதிய அக்கறை எடுக்கவில்லை என்று 2019-இல் பிரிட்டனின் தணிக்கை அலுவலகமே எழுதியது. என்னைக் கேட்டால், அந்த அநியாயம் இன்னும் முழுதாகச் சரிசெய்யப்படவில்லை.

அதனால்தான் "அதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்கு வயிறு கலங்குகிறது. போலி ஆவணமோ பொய்த் தகவலோ கண்டுபிடிக்கப்பட்டால் 10 ஆண்டுகள் வரை அந்த நாட்டுப் பக்கமே போக முடியாது. இது பெரிய பொய்க்கு மட்டுமல்ல. முன்பு வேறு எந்த நாடாவது விசா மறுத்ததுண்டா என்று விண்ணப்பத்தில் கேட்பார்கள். நாலு வருடம் முன்பு அமெரிக்க விசா கிடைக்காமல் போயிருக்கும். சொன்னால் கெட்டுவிடும் என்று மறைப்பார்கள். மறுக்கப்பட்டது குற்றமில்லை. மறைத்ததுதான் குற்றமாகிவிடும்.

அமெரிக்கா என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். சென்னையில் ஜெமினி மேம்பாலம் பக்கத்தில் அமெரிக்கத் துணைத் தூதரகத்தில், ஜன்னல் முன்னால் நின்று இரண்டு மூன்று நிமிடத்தில் பதில் சொல்லி முடிக்க வேண்டும். நம் பிள்ளைகள் அதற்குக் கண்ணாடி முன் நின்று ஒத்திகை பார்க்கிறார்கள். பிரிட்டனுக்குப் பெரும்பாலும் அப்படி ஜன்னல் கிடையாது. விண்ணப்ப மையத்தில் விரல்ரேகையும் புகைப்படமும் எடுத்துக்கொள்வார்கள். அங்கே இருப்பவர்கள் முடிவு செய்பவர்கள் அல்லர். முடிவு செய்பவர் உங்கள் முகத்தைப் பார்க்காமலே போகலாம். உங்களுக்காகப் பேசப்போவது நீங்கள் எழுதும் கடிதம் ஒன்றுதான்.

அந்தக் கடிதத்தையும் கடையில் வாங்குகிறார்கள்! ஒரே மாதத்தில் என்னிடம் வந்த மூன்று பேரின் கடிதங்களில் ஒரே பத்தி, எழுத்துப் பிழை உட்பட. மூவரும் பிரிட்டனின் பண்பாட்டுச் செழுமையால் சிறு வயதிலிருந்தே ஈர்க்கப்பட்டவர்களாம். அதில் ஒருவருக்கு அங்கே எந்த ஊரில் பள்ளி என்றே தெரியவில்லை. நமக்கு இங்கிலாந்து முழுக்க லண்டன்தான். பள்ளியோ போர்ன்மத்தில் இருக்கும், பிரைட்டனில் இருக்கும்.

நான் பார்த்ததிலேயே நல்ல கடிதம் கரூரிலிருந்து வந்த ஒரு பெண்மணி எழுதியது. தலையணை உறை, சமையலறைத் துணி ஏற்றுமதி செய்யும் குடும்பம். அரைப் பக்கம்தான் எழுதியிருந்தார். "என்னிடம் சரக்கு வாங்குபவர்கள் மான்செஸ்டரில் இருக்கிறார்கள். அவர்கள் மின்னஞ்சலில் எழுதுவது எனக்குப் புரிகிறது. போனில் பேசுவது புரியவில்லை. ஒவ்வொரு முறையும் என் மேலாளரிடம் போனைக் கொடுக்க வேண்டியிருக்கிறது." இவ்வளவுதான். மான்செஸ்டர்க்காரர் வேகமாகப் பேசும் ஆங்கிலம் கரூரில் கிடைக்காது, சென்னையிலும் கிடைக்காது. ஏன் அங்கே என்ற கேள்விக்கு இதைவிட என்ன பதில் வேண்டும்?

அவரும் முதலில் 9 மாதப் படிப்புக்குத்தான் கேட்டு வந்தார். தொழிலையும் இரண்டு பிள்ளைகளையும் விட்டு 9 மாதமா என்று நானே கேட்டேன். அதிகாரியும் கேட்டிருப்பார். யோசித்து 12 வாரமாகக் குறைத்தார். வருகையாளர் விசாவே போதுமானது. காசநோய்ச் சான்றிதழும் வேண்டாம், மருத்துவக் கூடுதல் கட்டணமும் இல்லை. வாடிக்கையாளர்களின் மின்னஞ்சல்கள், நிறுவனத்தின் வரித் தாக்கல், பள்ளியின் கடிதம். மெலிந்த கோப்புதான். மூன்று வாரத்தில் விசா வந்தது.

மான்செஸ்டர் போன முதல் வாரமே, நம் நேரத்துக்கு நள்ளிரவில் எனக்குப் போன். பதற்றமான குரல். "மேடம், இங்கே கடையில் ஒரு அம்மா என்னை 'லவ்' என்று கூப்பிடுகிறார். பஸ் ஓட்டுகிறவரும் அப்படியே கூப்பிடுகிறார். என்ன அர்த்தம் மேடம்?"

"உங்கள் ஊரில் காய்கறிக்கார அம்மா உங்களை எப்படிக் கூப்பிடுவார்?" என்றேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் சிரிப்பு. "சொல்லு கண்ணு என்பார்."

"அதேதான்" என்றேன்.

வணக்கம்.