டெலீட் பண்ணியும் ஸ்டோரேஜ் ஃபுல்லா? உங்க டேட்டா சென்டர்ல துண்டு போட்டது யாரு!

500 ஜிபி விஎம் ஒண்ணை, அதாவது சர்வருக்குள்ள ஓடற விர்ச்சுவல் மெஷினை, டெலீட் பண்றீங்க. விஎம்மை எல்லாம் மேய்க்கற விசென்டர் ஸ்க்ரீன்ல இடம் காலின்னு காட்டுது. ஸ்டோரேஜ் டீம்காரர் அவர் ஸ்க்ரீன்ல பார்த்தா ஒரு ஜிபி கூட குறையல. ரெண்டு பேருமே பொய் சொல்லலீங்க!

வணக்கம் மக்களே. லன்னா ஸ்டோரேஜ்ல இருந்து சர்வருக்குப் பிரிச்சுக் குடுக்கற டிஸ்க், தின் ப்ரொவிஷனிங்னா எழுத எழுத மட்டும் இடம் எடுத்துக்கற முறை. இதுக்கு மேல இழுக்கப் போறதில்ல, நேரா மேட்டருக்கு வர்றேன்.

[திரையில: கூட்டமான பஸ் ஸ்டாண்ட்]

தீபாவளிக்கு ஊருக்குப் போற பஸ். வண்டி நிக்கறதுக்குள்ள ஜன்னல் வழியா துண்டை வீசி ஒருத்தர் சீட் பிடிச்சுட்டாரு, அப்புறம் பக்கத்து பஸ்ல நல்ல இடம் கிடைச்சதும் அதுல ஏறிப் போயிட்டாரு, துண்டு மட்டும் இங்கயே கெடக்கு. யாரும் உக்கார மாட்டாங்க. ஏன்னா நம்ம ஊர்ல துண்டு போட்டா அது ரெஜிஸ்டர் பண்ண பத்திரம் மாதிரி!

ஸ்டோரேஜ் பாக்ஸும் அப்படித்தான். அதுக்கு ஃபைல்னா என்னன்னே தெரியாது, ப்ளாக், அதாவது டிஸ்க்ல இருக்கற சின்னச் சின்னக் கட்டம், அது மட்டும்தான் தெரியும். நீங்க டெலீட் பண்ணா ஃபைல் சிஸ்டம் தன்னோட கணக்குல பேரை அடிச்சுக்கும், அவ்ளோதான். "துண்டை எடுத்துட்டேன் சார்"னு பாக்ஸுக்கு தனியா சொல்லணும். அந்த மெசேஜுக்கு பேருதான் அன்மேப்.

இதுல ஒரு கூத்து இருக்கு. 2011ல விஎம்மை ஓட்டற சாஃப்ட்வேரான விஸ்பியர் 5.0 வந்தப்போ, அதைச் செஞ்ச விஎம்வேர் கம்பெனி இந்த அன்மேப்பை ஆட்டோமேட்டிக்கா பண்ணாங்க. சில பாக்ஸுங்க திணறிப்போச்சு, உடனே பேட்ச் விட்டு ஆஃப் பண்ணிட்டாங்க. திரும்ப ஆட்டோமேட்டிக்கா வந்தது 2016ல, விஸ்பியர் 6.5ல, அவங்க ஃபைல் சிஸ்டமான விஎம்எஃப்எஸ் 6 கூட. நடுவுல அஞ்சு வருஷம் நாமதான் ராத்திரில உக்காந்து கமாண்ட் அடிச்சோம். இன்னும் விஎம்எஃப்எஸ் 5 வெச்சிருந்தா அப்படியே அப்கிரேட் பண்ண முடியாது, புதுசா டேட்டாஸ்டோர் (விஎம் ஃபைலை வைக்கற இடம்) போட்டு விஎம்மை எல்லாம் நகர்த்தணும். சலிக்காம பண்ணுங்க, பலன் இருக்கு.

லினக்ஸ்காரங்களுக்கு இதே வேலையைப் பண்ற கமாண்ட் எஃப்எஸ்ட்ரிம். அடுத்தது.

க்ளவுட்ல துண்டுக்கு வாடகை வேற! அமேசான்ல ஒரு சர்வரை டெர்மினேட் பண்ணா ரூட் டிஸ்க் தானா போயிடும், நீங்க கூட மாட்டின டிஸ்க் வழக்கமா அப்படியே நிக்கும். 'அவைலபிள்'னு அழகா காட்டும், ஏதோ ஃப்ரீன்னு நினைக்காதீங்க, மாசாமாசம் பில் வரும். இப்பவே வீடியோவை பாஸ் பண்ணிட்டு உங்க அக்கவுண்ட்ல எத்தனை இருக்குன்னு பாருங்க, கமெண்ட்ல நம்பரை போடுங்க, யாரு ஜெயிக்கிறாங்கன்னு பார்ப்போம்.

சரி, யாரும் தொடாத லன்னை கண்டுபிடிச்சாச்சு. உடனே அழிக்கலாமா? ஐயோ வேணாம்! முதல்ல சர்வர்ல இருந்து கழட்டி மட்டும் வைங்க, டேட்டா அப்படியே இருக்கட்டும். யாராவது கத்துறாங்களான்னு காத்திருங்க. இதுக்கு பேரே ஸ்க்ரீம் டெஸ்ட்தான், சத்தியமா.

நான் முன்னாடி வேலை பார்த்த இடத்துல 2 டிபி லன் ஒண்ணு, பேரு 'டெஸ்ட்_பழசு'. ரெண்டு மாசமா ஒரு ரீட் இல்ல, ஒரு ரைட் இல்ல. கழட்டினோம். ஒரு வாரம் சத்தமில்ல, ரெண்டு வாரம் சத்தமில்ல. மூணாவது வாரம் மார்ச் 31, சாயந்திரம் ஆறரை மணி, அக்கவுண்ட்ஸ்ல இருந்து போன்: "தம்பி, இயர் எண்ட் ரிப்போர்ட் ஓடலப்பா..."

ரெண்டே நிமிஷத்துல திரும்ப மாட்டிக் குடுத்தோம். பேரை மட்டும் அன்னிக்கே மாத்திட்டேன்.