கோடு நிறைந்திருக்கிறது, வேலை நடக்கவில்லை

நேயர்களுக்கு வணக்கம்.

இந்த ஒலிப்பதிவு அறைக்குள் வந்து உட்கார்ந்ததும் எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது. முன்னால் ஒரே ஓர் ஒலிவாங்கி. நான் பேசுகிறேன், நீங்கள் கேட்கிறீர்கள். கேட்பவர்கள் நூறு பேராக இருந்தாலும் லட்சம் பேராக இருந்தாலும் ஒருவர் காதிலும் என் குரல் குறையாது. இந்த நிமிடத்தில் புதிதாக ஒருவர் வானொலியைத் திருகினால் ஏற்கெனவே கேட்டுக்கொண்டிருப்பவருக்கு ஒரு நட்டமும் கிடையாது.

நான் பல ஆண்டுகளாகப் பார்த்துவரும் வேலை இதற்கு நேர் எதிரானது. பல்கலைக்கழக வளாகங்களில் கம்பியில்லா இணையம் அமைப்பதும், பழையதாகிப் போனதைப் பிரித்துப் புதுப்பிப்பதும் என் தொழில். அங்கேயும் வானலைதான். ஆனால் அங்கே கேட்கிற ஒவ்வொருவரும் பேசவும் செய்வார். அதுவும் எல்லோரும் ஒரே நேரத்தில் பேச வருவார்கள். கூட்டம் கூடக்கூட ஒவ்வொருவர் பங்கும் தேய்ந்துகொண்டே போகும்.

வைஃபையைப் புதுப்பிக்கப் போகிறோம் என்று ஒரு பல்கலைக்கழகம் அறிவித்தவுடன் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, வேகம் எத்தனை மடங்கு கூடும் என்பது. கேட்பதில் தவறில்லை. 1997-ல் வந்த முதல் வைஃபை தரநிலையில் உச்ச வேகம் நொடிக்கு 2 மெகாபிட். 1999-ல் அது 11 ஆனது. இன்று விற்பனைக்கு வரும் வைஃபை பெட்டிகளின் அட்டையில் கிகாபிட் கணக்கில் எண்களை அச்சிடுகிறார்கள். அந்த எண், நல்ல கருவி ஒன்று, பெட்டிக்குப் பக்கத்தில், வேறு ஒருவரும் குறுக்கிடாத அறையில் இருக்கும்போது பொருந்துவது. அதிலும் ஒரு பகுதி, கருவிகள் தங்களுக்குள் முறைவைத்துப் பேசிக்கொள்ளும் நெறிமுறைச் சடங்குகளிலேயே போய்விடும். விரிவுரைக்கூடத்தில் முந்நூறு மாணவர்கள், ஆளுக்கு ஒரு கைபேசி, பலரிடம் மடிக்கணினியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அட்டை எண்ணை நம்பித் திட்டம் போட்டவர் முதல் நாளே மாட்டிக்கொள்வார்.

கூட்டத்தோடு மல்லுக்கட்டும் இந்தப் பிரச்சினை புதிதல்ல. சொல்லப்போனால் கம்பியில்லாக் கணினி வலையமைப்பு பிறந்ததே ஒரு பல்கலைக்கழகத்தின் வளாகங்களை இணைப்பதற்காகத்தான். ஹவாய் பல்கலைக்கழகத்தின் வளாகங்கள் வெவ்வேறு தீவுகளில் இருந்தன. தொலைபேசிக் கம்பி வழியே கணினியை எட்டுவது செலவு பிடித்தது, நம்பகமாகவும் இல்லை. நார்மன் ஆப்ராம்சன் என்ற பேராசிரியரும் அவருடைய குழுவினரும் வானொலி அலையைக் கையில் எடுத்தார்கள். 1971-ல் அலோகாநெட் இயங்கத் தொடங்கியது. அதன் விதி எளிமையானது: அனுப்ப ஏதாவது இருந்தால் அனுப்பிவிடு. அதே நேரத்தில் இன்னொருவரும் அனுப்பி இரண்டும் மோதிக்கொண்டால், வந்து சேர்ந்தது என்ற பதில் வராது. அப்போது சற்றுப் பொறுத்து மறுபடி அனுப்பு. எவ்வளவு பொறுப்பது என்பதை அவரவர் குலுக்கல் போட்டு முடிவு செய்துகொள்ள வேண்டும். இல்லாவிட்டால் இருவரும் ஒரே அளவு பொறுத்து மறுபடியும் மோதுவார்கள். இந்த முறையில் காற்றின் கொள்ளளவில் அதிகபட்சம் 18 சதவீதத்தையே பயன்படுத்த முடியும் என்று ஆப்ராம்சன் கணக்குப் போட்டுக் காட்டினார்.

இன்றைய வைஃபை அந்த அலோகாவின் பேரப்பிள்ளை. தாத்தாவைவிடக் கொஞ்சம் நாகரிகம் கற்றது. பேசுவதற்கு முன் காது கொடுத்துக் கேட்கும். யாராவது பேசிக்கொண்டிருந்தால் வாயை மூடிக்கொண்டு காத்திருக்கும். அமைதியானதும், குலுக்கலில் விழுந்த நேரம்வரை பொறுத்துவிட்டுப் பேசும். ஆனாலும் ஒரு சேனலில், அதாவது அலைவரிசையின் ஒரு கூறில், ஒரு நேரத்தில் ஒருவர் என்ற அடிப்படை அப்படியேதான் இருக்கிறது. ஆகவே எல்லோரும் பங்குபோட்டுக் கொள்வது நேரத்தை. மெதுவாகப் பேசுபவர் அதிக நேரம் எடுத்துக்கொள்வார். அறையின் கடைசி மூலையில் பழைய கைபேசி ஒன்று 1 மெகாபிட் வேகத்தில் முக்கி முனகிக்கொண்டிருந்தால், முன்வரிசையில் புத்தம்புதுக் கருவியோடு இருப்பவரும் அது முடியும்வரை கைகட்டி நிற்க வேண்டியதுதான்.

இது புரிந்துவிட்டால், செலவே இல்லாத ஒரு மேம்பாடு கண்ணில் படும். கூரையில் வெள்ளைத் தட்டைக் கவிழ்த்தது போல ஒட்டியிருக்குமே, அதுதான் ஆக்சஸ் பாயின்ட். அது தன் வலையமைப்பின் பெயரை நொடிக்கு ஏறத்தாழப் பத்து முறை கூவிக்கொண்டே இருக்கும். யாரும் கேட்காவிட்டாலும் கூவும். எந்தக் கருவிக்கும் புரிய வேண்டும் என்பதற்காக, அனுமதிக்கப்பட்டவற்றுள் மிக மெதுவான வேகத்தில் கூவும். ஒரே பெட்டி மாணவர்களுக்கு ஒரு பெயர், ஆசிரியர்களுக்கு ஒரு பெயர், விருந்தினருக்கு ஒன்று, நூலகத்துக்கு ஒன்று, எப்போதோ நடந்த மாநாட்டுக்காகத் தொடங்கி அணைக்க மறந்துபோனது ஒன்று என்று எட்டுப் பெயர்களைச் சுமந்தால், காற்றில் கணிசமான பங்கு வெறும் பெயர்க் கூவலிலேயே கரைந்துவிடும். எந்த வளாகத்துக்குப் போனாலும் முதல் வாரத்தில் நான் செய்வது, வேண்டாத பெயர்களை ஒழிப்பதும் மிக மெதுவான வேகங்களை அணைப்பதும்தான். இதற்கு டெண்டர் வேண்டாம், ஏணிகூட வேண்டாம். துறைத் தலைவர்களைச் சமாதானப்படுத்துவதுதான் பெரிய வேலை. தன் துறையின் பெயர் காற்றில் மிதப்பதில் ஒவ்வொருவருக்கும் ஒரு தனிப் பெருமை.

அடுத்தது, எங்கே மாட்டுவது என்ற கேள்வி. சிக்னல் சரியில்லை, இன்னும் நாலு பெட்டி மாட்டுங்கள் என்பது எல்லோர் கையிலும் உள்ள மருந்து. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் அது பல நேரம் நோயைத்தான் பெருக்கும். அங்கே ஒன்றோடொன்று உரசாத சேனல்கள் மூன்றுதான்: 1, 6, 11. நான்காவதாக ஒரு பெட்டியை மாட்டினால் அதுவும் இந்த மூன்றில் ஒன்றில்தான் உட்கார வேண்டும். ஒரே சேனலில் உள்ள இரண்டு பெட்டிகள் ஒன்றின் குரல் மற்றொன்றுக்குக் கேட்கும் தூரத்தில் இருந்தால், வாங்கியது இரண்டு, கிடைப்பது ஒன்றின் பலன். புளூடூத்தும் மைக்ரோவேவ் அடுப்பும் வேறு அதே தெருவில்தான் குடியிருக்கின்றன.

விடுதிகளில் நான் அடிக்கடி காணும் காட்சி ஒன்று உண்டு. தாழ்வாரத்தின் நீளத்துக்கும் வரிசையாகப் பெட்டிகள். கேபிள் இழுப்பது எளிது, பராமரிப்புக்கு மாணவர் அறைக்கதவைத் தட்ட வேண்டாம், பார்வைக்கும் ஒழுங்காக இருக்கும். ஆனால் தாழ்வாரத்தில் தடுப்பே கிடையாது. இந்தக் கோடியில் உள்ள பெட்டியின் குரல் அந்தக் கோடியில் உள்ளதற்குத் தெளிவாகக் கேட்டு, அது வாயை மூடிக்கொள்ளும். மாணவரோ சுவரையும் இரும்பு அலமாரியையும் தாண்டி உள்ளே உட்கார்ந்திருப்பார். கேட்க வேண்டியவருக்குக் கேட்பதில்லை, கேட்கக் கூடாததற்கு நன்றாகக் கேட்கிறது. பெட்டிகளை அறைகளுக்குள் கொண்டுபோய், அலை அனுப்பும் திறனைக் குறைத்து வைத்துப் பாருங்கள். அதுவரை எதிரியாக இருந்த சுவர் நமக்கு வேலைக்காரனாகிவிடும்.

திறனைக் குறைப்பதா என்று முகம் சுளிப்பார்கள். கைபேசித் திரையில் தெரியும் கோடுகள்தான் இந்தக் குழப்பத்துக்குக் காரணம். அந்தக் கோடுகள், பெட்டி சொல்வது உங்கள் கைபேசிக்கு எவ்வளவு பலமாகக் கேட்கிறது என்பதை மட்டும் காட்டுகின்றன. கைபேசி சொல்வது பெட்டிக்குக் கேட்கிறதா என்பது அதில் தெரியாது. கைபேசியின் குரல் மெலிந்தது. பேட்டரியைக் காப்பாற்ற வேண்டுமே. பெட்டியை முழுத் திறனில் அலறவிட்டால், தொலைவில் இருக்கும் கைபேசி அதை நம்பிப் பிடித்துக்கொள்ளும். பதில் மட்டும் போய்ச் சேராது. கோடு நிறைந்திருக்கும், பக்கம் திறக்காது. இன்னொரு தொல்லையும் உண்டு. எந்தப் பெட்டியோடு சேர்வது, எப்போது விடுவது என்பதைக் கடைசியாக முடிவு செய்வது கைபேசிதான். வலையமைப்பு ஆலோசனை சொல்லலாம், அவ்வளவே. வாசலில் பிடித்த பெட்டியை மூன்றாம் மாடிக்குப் போன பிறகும் விடாமல் தொங்கிக்கொண்டிருக்கும் கருவிகளை நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன்.

ஒரு தோல்வியையும் சொல்லிவிடுகிறேன். பெரிய விரிவுரைக்கூடம் ஒன்றை விடுமுறையில் அளந்தோம். அளவெடுக்கும் கருவியோடு வரிசை வரிசையாக நடந்தோம். வரைபடம் முழுக்கப் பச்சை. கூரையில் பெட்டிகளை மாட்டி, சரிபார்த்து, திருப்தியோடு வீட்டுக்குப் போனோம். வகுப்புகள் தொடங்கிய முதல் நாள் காலை பத்து மணிக்குக் கூடம் நிறைந்தது, இணையம் படுத்துவிட்டது. நாங்கள் அளந்தது காலி நாற்காலிகளை. மனித உடலின் பெரும்பகுதி தண்ணீர், தண்ணீர் இந்த அலைகளை உறிஞ்சும். நாற்காலிகள் நிறைந்த கூடம் வேறொரு கட்டடம். அதைவிட மோசம், சுவரும் தூணும் இல்லாத திறந்த இடத்தில் கூரையிலிருந்த எல்லாப் பெட்டிகளும் ஒன்றையொன்று கேட்டுக்கொண்டிருந்தன. பிறகு சில பெட்டிகளை இருக்கைகளின் அடிக்குக் கொண்டுபோனோம். முன்பு கெடுத்த அதே உடல்கள் இப்போது நடுவில் சுவராக நின்று, ஒவ்வொரு பெட்டியின் குரலையும் அதனதன் வரிசைகளுக்குள் அடக்கின. அன்றிலிருந்து காலிக் கூடத்தின் பச்சை வரைபடத்தை யாராவது காட்டினால் எனக்குச் சிரிப்பு வருவதில்லை, வயிறு கலங்குகிறது.

புதுப்பிப்பில் கண்ணுக்குத் தெரியாத பாதி சுவருக்குப் பின்னால் இருக்கிறது. ஆக்சஸ் பாயின்டுக்கு மின்சாரம் தனியாகப் போவதில்லை. தரவு வரும் அதே கேபிளில், பல கேபிள்களை ஒன்றிணைக்கும் சுவிட்ச் என்ற வலையமைப்புக் கருவியிலிருந்து வருகிறது. 2003-ல் வந்த தரநிலைப்படி சுவிட்சின் ஒரு துளை 15.4 வாட் தரும். 2009-ல் அது 30 ஆனது, 2018-ல் 90 வாட் வரை போனது. புதிய பெட்டிகள் பசி மிகுந்தவை. பழைய சுவிட்சில் செருகினால் விளக்கு எரியும், ஆனால் உள்ளிருக்கும் ரேடியோக்களில் சிலவற்றை அணைத்துக்கொண்டு அரைப்பட்டினியில் ஓடும். பெட்டியை வாங்கியவர் சுவிட்சையும் மாற்ற வேண்டும். சுவிட்சை மாற்றினால் அது இருக்கும் சின்ன அறையின் வெப்பத்தையும் யோசிக்க வேண்டும். ஒரே ஆறுதல், சுவருக்குள் ஏற்கெனவே ஓடும் கேபிளைப் பல இடங்களில் பிடுங்க வேண்டியதில்லை. 2016-ல் வந்த தரநிலை, பரவலாகப் போட்டிருக்கும் பழைய வகைக் கேபிளிலேயே 2.5 கிகாபிட்டை 100 மீட்டர் வரை கொண்டுபோகும்.

பல வளாகங்கள் என்றால் இன்னொரு கவலை சேரும். கிளை வளாகத்தில் ஒருவர் கடவுச்சொல்லைக் கொடுத்தால், அதைச் சரிபார்க்கும் சர்வர் தலைமை வளாகத்தில் இருக்கும். நடுவே கண்ணாடி இழைக் கேபிள் அறுந்தால், கிளை வளாகத்துக்குத் தனி இணைய இணைப்பு இருந்தாலும் புதிதாக யாரும் உள்ளே நுழைய முடியாது. சரிபார்க்கும் சர்வரின் நகல் ஒன்றைக் கிளையிலும் வைப்பது எளிய தீர்வு. திட்ட அறிக்கைகளில் முதலில் வெட்டப்படும் வரியும் பெரும்பாலும் அதுவாகவே இருக்கிறது.

பல்கலைக்கழகங்கள் ஒன்றுசேர்ந்து சாதித்த ஒன்றையும் சொல்ல வேண்டும். எஜுரோம் என்ற ஏற்பாடு 2000-களின் தொடக்கத்தில் ஐரோப்பாவில் முளைத்தது. இன்று 100-க்கும் மேற்பட்ட நாடுகளில் இருக்கிறது. ஒரு பல்கலைக்கழகத்தின் மாணவர் இன்னொன்றுக்குப் போனால் கைபேசி தானாகவே இணைந்துவிடும். கடவுச்சொல் மூடிய உறையில் அவருடைய சொந்தப் பல்கலைக்கழகத்துக்கே போய்ச் சரிபார்க்கப்படும். நடுவில் இருப்பவர் அதைப் படிக்க முடியாது. ஒரே நிபந்தனை, கைபேசி சர்வரின் சான்றிதழை, அதாவது அது உண்மையான சர்வர்தான் என்பதற்கான அடையாளத்தை, சரிபார்க்கும்படி அமைத்திருக்க வேண்டும். என்ன எச்சரிக்கை வந்தாலும் 'ஏற்கிறேன்' என்பதை அழுத்துங்கள் என்று துண்டறிக்கை ஒட்டும் வளாகம், திருடனுக்குச் சாவி செய்து கொடுக்கிறது.

புதிய தலைமுறைப் பெட்டிகளை நான் குறைத்துச் சொல்லவில்லை. வைஃபை 6 என்ற தலைமுறையிலிருந்து ஒரே முறையில் பலருக்கான சிறுசிறு செய்திகளைச் சேர்த்து அனுப்ப முடிகிறது. கூட்டத்துக்கு அது பெரிய வரம். 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை அமெரிக்கா 2020-ல் 1200 மெகாஹெர்ட்ஸ் அகலத்துக்குத் திறந்தது. ஐரோப்பா 480 மெகாஹெர்ட்ஸோடு நிறுத்தியது. எவ்வளவு இடம் என்பது நாட்டுக்கு நாடு வேறுபடும். ஆனால் அந்தப் புதிய தெருவில் நடக்கத் தெரிந்த கருவி மாணவர் கையில் இருக்க வேண்டுமே. பெட்டியை வாங்குவது பல்கலைக்கழகம், கைபேசியை வாங்குவது மாணவர். எந்தக் கட்டடத்தில் எத்தகைய கருவிகள் வருகின்றன என்று எண்ணிப் பார்த்துவிட்டு, கூட்டம் மிகுந்த இடத்தில் முதலில் மாற்றுங்கள் என்றே சொல்வேன். நிர்வாகக் கட்டடத்திலிருந்து தொடங்குவதுதான் வழக்கம். அங்கேதான் கூட்டம் குறைவு.

அண்மையில் நான் முடித்த ஒரு வேலையில், பருவ இடைவேளையில் எல்லாவற்றையும் மாற்றி, பெயர்களைக் குறைத்து, மெதுவான வேகங்களை அணைத்து, நிறைந்த கூடத்திலேயே சோதித்தும் பார்த்தோம். மறுநாள் காலை ஒரே ஒரு புகார் வந்தது, ஓர் ஆய்வகத்திலிருந்து. அங்கே இருந்த அளவீட்டுக் கருவி மிகப் பழையது, விலை உயர்ந்தது, மாற்ற முடியாதது. நான் பெருமையோடு அணைத்துவிட்டு வந்த வேகங்கள்தான் அதற்குப் பேசத் தெரிந்த வேகங்கள். வேறு வழியில்லை. கழற்றிப் போட்டிருந்த பழைய பெட்டிகளில் ஒன்றைத் துடைத்து எடுத்துவந்து, அந்த ஒரு கருவிக்காக மாட்டினேன். அது இன்றும் அங்கே 1 மெகாபிட்டில், தன் பெயரை நொடிக்குப் பத்து முறை கூவிக்கொண்டிருக்கிறது.

நன்றி, வணக்கம்.