விண்வெளிக்குப் போக விரும்புகிறவர்களுக்கு

நேயர்களுக்கு வணக்கம்.

விண்வெளிப் பயணம் பற்றிப் பேசப் பள்ளிகளுக்குப் போகும்போதெல்லாம் பிள்ளைகள் கேட்கும் கேள்விகள் அநேகமாக மூன்றுதான். என்ன படிக்க வேண்டும்? மூக்குக் கண்ணாடி போட்டிருந்தால் சேர்த்துக்கொள்வார்களா? பயமே இருக்கக் கூடாதா? முதல் இரண்டுக்கும் பதில் சிறியது. நேரம் இருந்தால் கடைசியில் சொல்கிறேன். மூன்றாவது கேள்விதான் என்னை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது. அதை எடுத்தால் எங்கே சுற்றினாலும் நான் ஒரே இடத்தில் வந்துதான் நிற்பேன் என்று வீட்டில் கேலி செய்வார்கள். இன்றும் அங்கேதான் வந்து நிற்கப் போகிறேன்.

அதற்கு முன் ஒரு கணக்கு. 2020ஆம் ஆண்டில் நாசா விண்வெளி வீரர் பணிக்கு விண்ணப்பம் கேட்டபோது 12,000 பேருக்கு மேல் விண்ணப்பித்தார்கள். அடுத்த ஆண்டு தேர்வானவர்கள் 10 பேர். ஐரோப்பிய விண்வெளி முகமை 2021இல் கேட்டபோது 22,500க்கும் அதிகமான விண்ணப்பங்கள் குவிந்தன. அவற்றிலிருந்து 17 பேரை எடுத்தார்கள்; அந்தப் பதினேழிலும் முழுநேர வீரர்களாகச் சேர்ந்தவர்கள் 5 பேர்தான். இப்படிப்பட்ட கூட்டத்தில் படிப்பில் சோடை போனவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். விஞ்ஞானிகள், மருத்துவர்கள், போர் விமானிகள் என்று எல்லாரும் கெட்டிக்காரர்கள்; எல்லாருக்கும் உடல்நலமும் உண்டு. ஆகவே ஒரு கட்டத்துக்கு மேல் மதிப்பெண்ணை வைத்து ஆளைப் பிரிக்க முடியாது. தேர்வுக் குழுவில் ஏற்கெனவே பறந்த வீரர்களும் உட்கார்ந்திருப்பார்கள். இந்த மனிதரோடு ஆறு மாதம் ஒரே கூரையின் கீழ் அடைந்து கிடக்க நம்மால் முடியுமா என்பது அவர்கள் மனதில் ஓடாமல் இருக்காது.

அப்படி ஒருவரிடம் எதைத் தேட வேண்டும்? என்னைக் கேட்டால், எல்லாவற்றுக்கும் முன்னால் நான் வைப்பது ஒரு பழக்கத்தை. ஏதோ சரியில்லை என்று பட்டால் அதை அப்போதே, கூட்டாமல் குறைக்காமல், வாய்திறந்து சொல்லிவிடும் பழக்கம். இவ்வளவுதானா என்று நினைப்பீர்கள். இது எவ்வளவு கடினம் என்பதற்கு ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன்.

2013 ஜூலை 16. பூமிக்கு ஏறத்தாழ 400 கிலோமீட்டர் உயரத்தில் சர்வதேச விண்வெளி நிலையம். இத்தாலியைச் சேர்ந்த லூக்கா பார்மிட்டானோவும் அமெரிக்கர் கிறிஸ் கேசிடியும் நிலையத்துக்கு வெளியே வேலை செய்துகொண்டிருக்கிறார்கள். பார்மிட்டானோ விமானப்படை விமானி. 2005இல் பறந்துகொண்டிருந்தபோது பறவை மோதிச் சேதமான விமானத்தைப் பத்திரமாகத் தரையிறக்கியவர். கேசிடி கடற்படையின் சிறப்புப் படையில் இருந்தவர். இருவரும் பதறுகிற ஆட்கள் இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

வெளியே வந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. தலையின் பின்பக்கம் குளிர்ச்சியாக ஏதோ படுவதை பார்மிட்டானோ உணர்கிறார். தண்ணீர். உடனே தரைக் கட்டுப்பாட்டு நிலையத்திடம் சொல்கிறார். எங்கே தண்ணீர் இருக்கிறது என்று சொன்னதோடு நிறுத்தவில்லை. மார்புப் பக்கம் உடைக்குள் வைத்திருக்கும் குடிநீர்ப் பையிலிருந்து அது வருவதாகத் தனக்குத் தோன்றவில்லை என்பதையும் சேர்த்தே சொன்னார். இந்தப் பையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடியும் வரும்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். நம் முகத்தில் தண்ணீர் பட்டால் வழிந்து கீழே போய்விடும். அங்கே கீழே என்று ஒரு திசையே கிடையாது. தண்ணீர் பட்ட இடத்திலேயே ஒட்டிக்கொண்டு பரவும், தலையை உதறினாலும் போகாது. கையால் துடைக்கலாம் என்றால் முகத்துக்கும் கைக்கும் நடுவில் தலைக்கவசத்தின் கண்ணாடி இருக்கிறது. தலைக்கவசத்தைக் கழற்றலாம் என்றால் வெளியே காற்றே இல்லை.

கேசிடி அருகே வந்து கண்ணாடி வழியாக எட்டிப் பார்க்கிறார். வியர்வையா, குடிநீரா, வேறு எதுவுமா என்று மேலும் கீழும் பேச்சு நடக்கிறது. தண்ணீர் கூடிக்கொண்டே வருகிறது என்று பார்மிட்டானோ மறுபடி சொல்கிறார். திரும்புங்கள் என்று உத்தரவு வருகிறது. இருவருடைய பாதுகாப்புக் கம்பிகளும் வெவ்வேறு வழியாகப் போயிருந்ததால் சேர்ந்து திரும்ப முடியவில்லை. பார்மிட்டானோ தனியாகக் கிளம்புகிறார். வழியில் ஓரிடத்தில் உடலைத் திருப்ப வேண்டியிருந்தது. அந்த நேரம் பார்த்து சூரியனும் மறைந்துவிட்டது. தண்ணீரும் நகர்ந்து வந்து கண்களை மூடியது, மூக்குக்குள் போனது. பார்வை இல்லை. காதிலும் தண்ணீர், யார் என்ன சொல்கிறார்கள் என்று கேட்கவில்லை. அடுத்த மூச்சில் வாய்க்குள் வருவது காற்றா தண்ணீரா என்பதும் தெரியாது.

அவர் என்ன செய்தார்? இடுப்பிலிருந்து நிலையம்வரை ஓடும் பாதுகாப்புக் கம்பி ஓர் உருளையில் தானே சுருட்டிக்கொள்ளும். அதனால் அது எப்போதும் ஆளை லேசாக இழுத்துக்கொண்டே இருக்கும். சாதாரண நாளில் தொந்தரவாகத் தெரியும் அந்த இழுவையையே வழிகாட்டியாக வைத்துக்கொண்டு, கைப்பிடி கைப்பிடியாகத் தடவி நகர்ந்து நுழைவாயிலுக்கு வந்து சேர்ந்தார். மூச்சு முட்டினால் கடைசி வழியாகத் தலைக்கவசத்தின் வால்வைத் திறந்து கொஞ்சம் தண்ணீரை வெளியேற்றலாம் என்பதையும் யோசித்து வைத்திருந்தார். அவர் பயப்படவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். பயம் ஒரு பக்கம் இருக்க, அடுத்த வேலை என்ன என்று பார்க்கத் தெரிந்திருந்தது. மூன்றாவது கேள்வி கேட்ட பிள்ளைகளுக்கு நான் தரும் பதில் அதுதான்.

கேசிடியும் வந்து கதவை மூடினார். அறைக்குள் காற்றழுத்தம் ஏறச் சில நிமிடங்கள் ஆகும். அதுவரை தலைக்கவசத்தைத் தொடக் கூடாது. பேசினால் கேட்காது. கேசிடி அவருடைய கையைப் பிடித்து அழுத்தினார். பதிலுக்கு அவர் அழுத்தினார். உயிரோடு இருக்கிறார் என்பதற்கு அதுதான் செய்தி. உள்ளே இருந்தவர்கள் தலைக்கவசத்தைக் கழற்றியபோது, உடைக்குள் கிட்டத்தட்ட ஒன்றரை லிட்டர் தண்ணீர் சேர்ந்திருந்தது.

சரி, எங்கிருந்து வந்த தண்ணீர்? அந்த உடைக்குள் உடம்பைக் குளிர்விக்கத் தண்ணீர் ஓடும் மெல்லிய குழாய்கள் உண்டு. மூச்சுக் காற்றைச் சுற்றவிட்டு, அதிலுள்ள ஈரத்தைப் பிரித்தெடுக்க ஒரு கருவியும் உண்டு. அந்தக் கருவியின் நுண்துளைகள் படிவு சேர்ந்து அடைத்துக்கொண்டதால், தண்ணீர் காற்றுக் குழாய் வழியாகத் தலைப்பக்கம் போய்விட்டது. இது எந்திரக் கோளாறு. என்னைத் தூங்கவிடாமல் செய்தது வேறொரு விஷயம்.

ஒரு வாரத்துக்கு முன்பு, ஜூலை 9 அன்று, இதே பார்மிட்டானோ இதே உடையில் வெளியே போய் வந்தார். திரும்பியதும் தலைக்கவசத்தில் தண்ணீர் இருந்தது. குடிநீர்ப் பை கசிந்திருக்கும் என்று முடிவு கட்டிவிட்டார்கள். அந்தப் பைகள் கசியக்கூடியவைதான் என்று எல்லாரும் நம்பியிருந்தார்கள். வேறு காரணம் இருக்குமோ என்று கிளப்பினால் ஆய்வு நடத்த வேண்டும், நாள் தள்ளிப்போகும். யாரும் அழுத்திக் கேட்கவில்லை. பையை மாற்றிவிட்டு அடுத்த வாரம் மறுபடி அனுப்பினார்கள். பின்னர் நடந்த விசாரணை இதை வெளிப்படையாகவே எழுதியது: முதல் முறையே ஒழுங்காக ஆராய்ந்திருந்தால் இரண்டாம் முறை நடந்ததைத் தவிர்த்திருக்கலாம்.

ஊரெல்லாம் நிபுணர்கள் இருக்கிறார்கள். தண்ணீர் கண்ணுக்கு முன்னால் இருக்கிறது. கைக்கு எட்டுகிற முதல் விளக்கம் எல்லாருக்கும் போதுமானதாகிவிடுகிறது. ‘எனக்கென்னவோ அது பையாகத் தெரியவில்லை’ என்று அத்தனை பேருக்கு நடுவில் சொல்வதற்குத் துணிச்சல் வேண்டும். ராக்கெட்டில் ஏறி உட்காரும் துணிச்சல் வேறு. இந்த இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்திருப்பது அரிது என்றே நினைக்கிறேன். பிறகு தலைக்கவசத்தின் உள்ளே நீரை உறிஞ்சும் திண்டும், ஆபத்து வந்தால் உடையின் கீழ்ப்பகுதிக் காற்றை இழுத்து மூச்சுவிட ஒரு குழாயும் வைத்தார்கள். பார்மிட்டானோ 2019இல் அதே நிலையத்துக்குத் தலைவராகவும் ஆனார்.

இதற்கு நேர்மாறான கதையும் உண்டு, அதையும் கேளுங்கள். 1973 நவம்பரில் அமெரிக்காவின் ஸ்கைலாப் விண்வெளி நிலையத்துக்கு ஜெரால்ட் கார், எட்வர்ட் கிப்சன், வில்லியம் போக் என்ற மூவர் போனார்கள். மூவருக்கும் அது முதல் பயணம். போன அன்றே வில்லியம் போக் வாந்தி எடுத்தார். விண்வெளியில் முதல் சில நாட்கள் தலைசுற்றலும் குமட்டலும் பலருக்கும் வருவதுதான், வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் இதைத் தரைக்குச் சொல்லாமல் விட்டுவிடலாம் என்று மூவரும் பேசி முடிவெடுத்தார்கள். அவர்கள் மறந்தது, கலத்தில் ஒலிப்பதிவு ஓடிக்கொண்டிருந்ததை. பதிவு தரைக்குப் போனது. அவர்கள் பேசியதை அங்கே கேட்டுவிட்டார்கள். விண்வெளிக்குப் போன முதல் அமெரிக்கரான ஆலன் ஷெப்பர்ட் உலகமே கேட்கும் அலைவரிசையில் அவர்களைக் கண்டித்தார். ஜெரால்ட் கார் மழுப்பவில்லை, அது முட்டாள்தனமான முடிவுதான் என்று ஒப்புக்கொண்டார்.

கதை அங்கே முடியவில்லை. அடுத்த வாரங்களில் அவர்கள் மீது வேலை அளவுக்கு மீறி ஏற்றப்பட்டது. பின்தங்கினார்கள், எரிச்சலும் வந்தது. டிசம்பர் இறுதியில் அதே கார் தரையோடு மனம்விட்டுப் பேசினார்: வேலையை இப்படி அடுக்கினால் எங்களால் முடியவில்லை, உங்களுக்கு எங்கள் மேல் என்ன குறை என்பதையும் சொல்லுங்கள். அட்டவணையைத் தளர்த்தினார்கள். அதன் பிறகு வேலை நன்றாகவே நடந்தது. மொத்தம் 84 நாட்கள் தங்கித் திரும்பினார்கள். அவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள் என்று இன்றும் சிலர் எழுதுகிறார்கள். அது கட்டுக்கதை, நம்பாதீர்கள்.

இந்தப் பழக்கம் பிறவியில் வருவதா? இல்லை, பழக்கித்தான் கொண்டுவருகிறார்கள். மாதிரிக் கலத்தில் பயிற்சி முடிந்ததும் எல்லாரும் உட்கார்ந்து யார் எங்கே தவறினோம் என்று பேசுவார்கள். அதில் தன் தவற்றைத் தானே முதலில் சொல்கிறவருக்கு மரியாதை கூடுமே தவிரக் குறையாது. இத்தாலியின் சார்டினியா தீவில் உள்ள குகைகளுக்குள் பல நாட்டு வீரர்களைச் சேர்த்து அனுப்பி, வெளிச்சமில்லாத இடத்தில் ஒன்றாக வாழவைத்துப் பார்க்கிறது ஐரோப்பிய முகமை. இன்றைக்குத் தலைவராக இருப்பவர் நாளைக்கு இன்னொருவர் சொல்வதைக் கேட்டு நடக்க வேண்டும். இரண்டாவதுதான் கடினம் என்பதை அலுவலகத்துக்குப் போகும் நேயர்கள் ஒப்புக்கொள்வீர்கள்.

தவறு நடந்த பிறகு என்ன என்பதற்கும் ஒருவரைச் சொல்ல வேண்டும். 2008 நவம்பரில் அமெரிக்க வீராங்கனை ஹைடிமேரி ஸ்டெஃபனிஷின் பைப்பர் சர்வதேச விண்வெளி நிலையத்துக்கு வெளியே வேலை செய்தபோது, மசகு பீய்ச்சும் கருவி பைக்குள்ளேயே கசிந்துவிட்டது. அதைத் துடைத்துக்கொண்டிருந்தபோது கருவிப் பை முழுதாகக் கைநழுவி மிதந்து போய்விட்டது. கொக்கியில் மாட்டப்படாமல் இருந்திருக்கிறது. உலகமே பார்த்துக்கொண்டிருந்தது. உடனே தெரிவித்தார், கூட வந்தவரின் கருவிகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்தி ஏறத்தாழ ஏழு மணி நேர வேலையைச் செய்துவிட்டுத்தான் உள்ளே போனார். இடிந்து உட்கார்ந்திருந்தால் அந்த நாளின் வேலையும் பையோடு போயிருக்கும்.

உடம்பைப் பற்றி விரைவாகச் சொல்லிவிடுகிறேன். எடையற்ற நிலையில் இடுப்பு, தொடை எலும்புகள் மாதத்துக்கு 1 முதல் 1.5 சதவீதம் வரை அடர்த்தியை இழக்கும். அதனால் நாள்தோறும் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் உடற்பயிற்சி கட்டாயம். இன்றைக்கு வேண்டாம், நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடுகிறவருக்கு அங்கே இடமில்லை. கழிப்பறை பழுதானால் கழற்றிப் பார்க்க வேண்டும். எவ்வளவு பெரிய ஆராய்ச்சியாளராக இருந்தாலும் வாரக் கடைசியில் தூசி உறிஞ்சியைக் கையில் எடுக்க வேண்டும். ரஷ்ய மொழியும் கற்க வேண்டும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து நண்பர் மணிக்கட்டைத் தொட்டுக் காட்டுகிறார். பொறுமை பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன், அதை இரண்டு மூன்று வரியில் அடக்க வேண்டியதுதான். கிளேட்டன் ஆண்டர்சன் 15ஆவது முறை விண்ணப்பித்தபோதுதான் நாசாவில் தேர்வானார். டீக் ஸ்லேட்டன் 1959இல் தேர்வாகி, இதயத் துடிப்புக் கோளாறால் 1962இல் தடுக்கப்பட்டு, 1975இல் பறந்தார். 1984இல் ராகேஷ் சர்மா பறந்தபோது ரவீஷ் மல்ஹோத்ராவும் அதே பயிற்சியை முழுவதும் முடித்து மாற்று வீரராகக் காத்திருந்தார். அவருக்குக் கடைசிவரை வாய்ப்பு வரவில்லை.

பிள்ளைகளின் இரண்டு கேள்விகள் மிச்சம். படிப்பு: அறிவியல், பொறியியல், கணிதம், மருத்துவம் போன்ற ஒன்றில் பட்டம் வேண்டும், நாசா முதுநிலைப் பட்டமும் பணி அனுபவமும் கேட்கிறது. கண்ணாடி: தடை இல்லை, கண்ணாடி அணிந்து பார்வை சரியாக இருந்தால் போதும். 2022இல் ஐரோப்பா தேர்ந்தெடுத்த ஜான் மக்ஃபால் விபத்தில் ஒரு காலை இழந்தவர். அறுவை மருத்துவர், பாராலிம்பிக் பதக்கம் வென்றவர். நீச்சல் கட்டாயம், ஏனென்றால் விண்நடைப் பயிற்சி 12 மீட்டர் ஆழமுள்ள குளத்துக்குள் நடக்கிறது. நேரம் முடிந்துவிட்டது. வணக்கம்.