விவாகரத்துக் கேள்விக்கு முன்னால்

(மேலூர் வட்டாரத்து மகளிர் சுயஉதவிக் குழுக்களின் கூட்டத்தில் வழக்கறிஞர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தாய்மார்களே, சகோதரிகளே,

அடிக்கிற கணவனை விட்டு வெளியேறிய பெண்ணிடம் நம் பக்கத்தில் முதலில் கேட்கப்படுவது, "அப்படியானால் தீர்த்துவிடப் போகிறாயா?" என்பதுதான். அன்றைக்கே அதற்கு விடை சொல்ல அவளால் முடிவதில்லை. விடை இல்லாததாலேயே திரும்ப அந்த வீட்டுக்கு அனுப்பப்படுகிறாள். சட்டம் அவளிடம் அந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை.

2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் உள்ள குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி, திருமண உறவு நீடிக்கும்போதே, கணவன் நெருங்கக் கூடாது என்ற பாதுகாப்பு உத்தரவையும், குடியிருக்கும் உரிமையையும், செலவுக்குப் பணத்தையும், பிள்ளைகளைத் தற்காலிகமாகத் தன்னிடம் வைத்துக்கொள்ளும் உத்தரவையும் ஒரே மனுவில் நடுவர் (மாஜிஸ்திரேட்) நீதிமன்றத்தில் கேட்கலாம். கைநீட்டுவது மட்டுமே வன்முறை என்று இச்சட்டம் கருதவில்லை. கூசும்படி ஏசுவதும், சம்பளத்தைப் பறித்துக்கொள்வதும், அவளுடைய நகையை அவளுக்குத் தெரியாமல் விற்பதும் இதற்குள் வரும். கணவன் வீடு திருப்பூரில் இருந்தாலும், அவள் உசிலம்பட்டியில் தாய்வீட்டில் ஒதுங்கியிருந்தால், அப்பகுதி நடுவரிடமே மனுச் செய்யலாம். தற்காலிகமாகத் தங்கியிருப்பதே போதும். மனு எழுத ஆள் இல்லையென்றால், மாவட்ட சமூக நல அலுவலகத்தின் பாதுகாப்பு அலுவலரை அணுகலாம். வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் இல்லாதவர்கள் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம். வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் பெண்களுக்கு அங்கே இலவச உதவி உண்டு. இரவில் ஆபத்தென்றால் 181 அல்லது 112.

"வீடு மாமனார் பேரில் இருக்கிறது, உனக்கென்ன உரிமை?" என்ற பேச்சைப் பலரும் கேட்டிருப்பீர்கள். கணவனோடு குடும்பமாக வாழ்ந்த வீடு அவனுடைய உறவினருக்குச் சொந்தமானதாக இருந்தாலும் அங்கே குடியிருக்கும் உரிமையைக் கோரலாம் என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் தீர்ப்பளித்தது. அது குடியிருக்கும் உரிமைதான், பட்டா அல்ல. வயதான மாமனார் மாமியாரின் நிலையையும் நீதிமன்றம் எடைபோடும்.

ஆதாரத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். காயத்தோடு பெரியாஸ்பத்திரிக்குப் போகும் பெண், பக்கத்தில் நிற்கும் கணவனுக்குப் பயந்து, "படியில் வழுக்கி விழுந்துவிட்டேன்" என்கிறாள். மருத்துவர் அதையே விபத்துப் பதிவேட்டில் எழுதுகிறார். இரண்டு வருடம் கழித்துக் குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அந்த ஒரு வரியைத்தான் உரக்கப் படிப்பார். ஆகவே, முடிந்தால் கணவனை வெளியே நிறுத்தச் சொல்லிவிட்டு, அடித்தது யார், எதனால் அடித்தார் என்பதைச் சொல்லுங்கள், ஏ.ஆர். எனப்படும் அந்தப் பதிவேட்டின் நகலையும் கேட்டு வாங்குங்கள். மகளிர் காவல் நிலையத்தில் இருவரையும் கூப்பிட்டுப் பேசி அனுப்பிவைத்தாலும், மனு ஏற்பு ரசீது இல்லாமல் வெளியே வராதீர்கள்.

இனி குடும்பநல நீதிமன்றம். 1984-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த இம்மன்றத்தில் விவாகரத்தும், பிள்ளைகளின் பொறுப்பும், ஜீவனாம்சமும் விசாரிக்கப்படுகின்றன. சமரசத்துக்கு முயல்வது அம்மன்றத்தின் கடமை என்பதால், ஆலோசகர் முன் இருவரும் உட்கார வேண்டியிருக்கும். அங்கே சேர்ந்து வாழ மறுப்பதற்கு உங்களுக்கு முழு உரிமை உண்டு. நீங்கள் வெளியேறிய சில வாரங்களில் கணவன் தரப்பிலிருந்து 'சேர்ந்து வாழக் கோரும் மனு' வரக்கூடும். ஜீவனாம்சத்தைத் தட்டிக்கழிப்பதற்காகவே அது பல நேரங்களில் போடப்படுகிறது என்பது என் எண்ணம். எரிச்சலில் அந்தச் சம்மனைக் கிடப்பில் போட்டால் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகிவிடும். ஆஜராகி, கொடுமை தாங்காமல்தான் வெளியேறினேன் என்று பதிலுரை தாக்கல் செய்யுங்கள். தகுந்த காரணத்தோடு பிரிந்திருக்கும் மனைவிக்கு ஜீவனாம்சத்தை மறுக்க முடியாது.

முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆவது பிரிவு என்று அறியப்பட்ட ஜீவனாம்ச விதி, 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக வந்த புதிய சட்டத்தில் (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) 144-ஆவது பிரிவாக இருக்கிறது. இருவரும் சொத்து, வருமான விவரங்களைப் பிரமாண வாக்குமூலமாகத் தர வேண்டும் என்றும், மனுச் செய்த நாளிலிருந்தே தொகை கணக்கிடப்பட வேண்டும் என்றும் உச்ச நீதிமன்றம் 2020-இல் கூறியிருக்கிறது. எனவே, பெரியவர்கள் பேசி முடிக்கட்டும் என்று மனுவைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் உங்களுக்கு நஷ்டம். உத்தரவான தொகையை அவர் கட்டாவிட்டால் வசூலிக்கத் தனி மனுப் போட வேண்டும்; தொகை பாக்கியான ஓராண்டுக்குள் அதைப் போட்டாக வேண்டும் என்பதால், எந்த மாதம் பணம் வரவில்லை என்பதைக் குழுவின் கணக்கு நோட்டைப் போலத் தேதியோடு குறித்துவையுங்கள்.