பிள்ளை பெற்றவளுக்குப் பெருந்துணை கணவனே

நடுவர் அவர்களே, டர்பன் தமிழ்ச் சொந்தங்களே, வணக்கம்.

"பிள்ளை பெற்றவளுக்குப் பெருந்துணை தாய்வீடா, கணவனா?" இதுதான் தலைப்பு. எதிரணியில் பேசிய அம்மா, "பத்தியம் தெரியாத ஆம்பளை குறுக்கே நிற்காமல் இருந்தாலே போதும்" என்றார். அரங்கமே கை தட்டியது. அம்மா, அந்தப் பேச்சுதான் எங்களை இத்தனை காலமாக வாசலோடு நிறுத்தி வைத்திருக்கிறது.

1860 நவம்பரில் ட்ரூரோ கப்பலில் சென்னையிலிருந்து இந்தத் தென்னாப்பிரிக்க மண்ணில் வந்து இறங்கிய பெண்களுக்கும், பின்னால் 1911 வரை கரும்புத் தோட்டங்களுக்கு வந்தவர்களுக்கும் தாய்வீடு எங்கே இருந்தது? கடலுக்கு அப்பால்! இன்றைக்கும் அம்மா இங்கே டர்பனின் சாட்ஸ்வர்த்தில், மகள் தொலைவில் ஜோகன்னஸ்பர்க்கில். அம்மாவும் வேலைக்குப் போகிறவர். ஒரு மாதம் வந்து இருப்பார். பிறகு?

பிரசவமான சில நாளில் காரணமில்லாத அழுகை பல தாய்மாருக்கு வரும். இரண்டு வாரத்துக்குள் தானே தணிந்துவிடும். தணியாவிட்டால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம், வைத்தியம் வேண்டும். பிள்ளை பெற்றவர்களில் சுமார் 13 விழுக்காட்டினருக்கு மனநலப் பாதிப்பு வருகிறது, அதிலும் மனச்சோர்வே முக்கியமானது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது முதல் மாதத்தில்தான் வரும் என்றும் இல்லை, ஓராண்டுக்குள் எப்போது வேண்டுமானாலும் தலைகாட்டலாம். பிள்ளை தூங்கிய பிறகும் அவள் கண் மூடாமல் கிடக்கிறாள் என்பது யாருக்குத் தெரியும்? பக்கத்தில் படுத்திருப்பவனுக்கு. "எல்லாருக்கும் இப்படித்தான், சரியாகிவிடும்" என்று பெரியவர்கள் சொல்லும்போது, "இல்லை, நாளைக் காலையில் க்ளினிக்குக்கு அழைத்துப் போகிறேன்" என்று எழுந்து நிற்க வேண்டியவன் அவன்தான். சமையல், துணி எல்லாம் அதற்கு அடுத்தபடிதான்.

பால் கொடுக்க ஆணால் முடியாது, ஒத்துக்கொள்கிறேன். குடித்த பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டி ஏப்பம் விட வைக்கவுமா முடியாது?

"நேரமில்லை" என்றும் இனிச் சொல்ல முடியாது. 2020 ஜனவரியில் இந்த நாட்டுச் சட்டம் தகப்பனுக்குப் பத்து நாள் விடுப்புத் தந்தது. 2025 அக்டோபரில் அரசியலமைப்பு நீதிமன்றம் இன்னும் மேலே போய், இருவரும் வேலைக்குப் போகிறவர்களானால் நான்கு மாதமும் பத்து நாளும் சேர்ந்த விடுப்பைத் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ளலாம் என்றது. தகப்பனும் பெற்றவனே என்று நாட்டின் உச்ச மன்றமே சொன்ன பிறகு, வீட்டுக்குள் அவனை விருந்தாளியாக உட்கார வைப்பது எந்த நியாயம்? எதிரணியினர் பதில் சொல்லட்டும், அமர்கிறேன்.