பாறை இடுக்கில் விரல் உயரப் பனை: மயில்சிகைப் பெரணியை எப்படி அடையாளம் காண்பது?

வணக்கம். மேலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு நேயர் மூன்று படங்களோடு அனுப்பியிருக்கும் கேள்வியை இன்று எடுத்துக்கொள்கிறேன். அழகர்மலை அடிவாரத்தில், ஒரு பாறை இடுக்கில், பனை வடலியை விரல் உயரத்துக்குக் குறுக்கி வைத்தது போன்ற ஒரு செடியை அவர் பார்த்திருக்கிறார். கைப்பேசிச் செயலி ஒரு முறை அதைப் பெரணி என்றும், இன்னொரு முறை பனைவகைக் கன்று என்றும் காட்டியிருக்கிறது. ஊர்ப் பெரியவர் ஒருவரோ அது மயில்சிகை என்று சொல்லியிருக்கிறார். இது அரிய பெரணிதானா, வேறு எங்கெல்லாம் வளரும், மாசி மாதம் போய்ப் பார்த்தபோது சுருண்டு பழுப்பாகக் கிடந்ததே, செத்துவிட்டதா, வீட்டுத் தொட்டிக்குக் கொண்டுவரலாமா என்று கேட்கிறார்.

பெரியவர் சொன்னதுதான் சரி. தாவரவியலில் இதற்கு ஆக்டினியோப்டெரிஸ் ரேடியேட்டா என்று பெயர். ஆப்பிரிக்காவிலிருந்து அரேபியா வழியாக இந்தியா, இலங்கை வரை வறண்ட பாறை நிலங்களில் இயல்பாக வளரும் பெரணி இது. ஆகவே நம் மண்ணுக்கு உரியதுதான். யாரும் கொண்டுவந்து நட்டதன்று.

செயலி குழம்பியதில் வியப்பில்லை, ஏனென்றால் நீங்கள் அதற்குக் கொடுத்தது மேலிருந்து எடுத்த முதல் படத்தை மட்டும்தான். பனங்கொட்டை முளைத்து முதலில் வெளிவரும் இலை பிளவுபடாத ஒற்றைப் பட்டையாக இருக்கும். விசிறி வடிவ ஓலை வருவதற்குச் சில ஆண்டுகள் ஆகும். விரல் உயரத்திலேயே, கம்பி போன்ற மெல்லிய காம்பின் நுனியில், முழு விசிறியை விரித்து நிற்கும் ஒரு செடி பனையாக இருக்க வழியில்லை. விசிறி பிளந்திருக்கும் முறையையும் கவனியுங்கள். காம்பின் நுனியில் இலை இரண்டாகப் பிரிகிறது, அந்த ஒவ்வொன்றும் மறுபடி இரண்டாகப் பிரிகிறது, இப்படியே தொடர்ந்து கடைசியில் குறுகிய நாடாக்களாக முடிகிறது. முதல் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் இடதுபுறத்து இலையில் இந்தக் கவைகளை ஒன்றொன்றாக எண்ணிவிடலாம்.

ஆனாலும் பெரணி என்று உறுதி செய்ய வேண்டுமானால் இலையின் முதுகைத்தான் பார்க்க வேண்டும். உங்கள் இரண்டாவது படம் அந்த வகையில் மிகவும் உதவியது. நாடா போன்ற ஒவ்வொரு பிரிவின் இரு விளிம்புகளும் உட்பக்கமாக மடிந்திருக்கின்றன. அந்த மடிப்புக்கு அடியில் நீளவாக்கில் ஒரு கரும்பழுப்புக் கோடு ஓடுகிறது. ஸ்போர் என்பது விதைக்குப் பதிலாகப் பெரணி பரப்பும் நுண்தூள். அந்த ஸ்போர்ப் பைகள் இந்தக் கோட்டில்தான் நெருக்கமாக அடுக்கியிருக்கும், மடிந்த விளிம்பே அவற்றுக்கு மூடி. பத்து மடங்கு பெரிதாக்கும் சாதாரணக் கைலென்சு இருந்தால் பைகளைத் தனித்தனியாகவே காணலாம். அப்படியும் ஐயம் இருந்தால், தானாக உதிர்ந்து கிடக்கும் முற்றிய இலை ஒன்றை வெள்ளைத் தாளின்மேல் முதுகுப்புறம் கீழே இருக்கும்படி வைத்து, காற்றுப் படாமல் ஓரிரு நாள் மூடி வையுங்கள். பைகள் முன்பே வெடித்துக் காலியாகியிராவிட்டால், தாளில் மெல்லிய தூள் கோடுகளாகப் படிந்திருக்கும். பூவும் விதையும் விடும் எந்தச் செடியின் இலையும் இப்படித் தூள் கொட்டாது.

இதே பாறைகளில் வேறு பெரணிகளும் வரும் என்பதால் அவற்றையும் சொல்லிவிடுகிறேன். இதய வடிவில் பிளவில்லாத இலையும், பளபளக்கும் கருநிறக் காம்பும், முதுகில் வலைப்பின்னலாக ஓடும் பழுப்புக் கோடுகளும் இருந்தால் அது ஹெமியோனைடிஸ். இலையைத் திருப்பியதும் சுண்ணாம்பு தடவியது போல் வெண்பொடி தெரிந்தால் அது வெள்ளிப் பெரணி. விசிறிப் பிளவு இரண்டிலும் கிடையாது, அதனால் மயில்சிகையோடு குழப்பிக்கொள்ள இடமில்லை.

இனி இடத்தைப் பற்றிச் சொல்கிறேன். எனக்கு இந்தச் செடியை விட அது நிற்கும் இடம்தான் அதிகச் செய்தி சொல்கிறது. மதுரையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 850 மில்லிமீட்டர் மழைதான் பெய்கிறது, அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிய சில வாரங்களில் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. பெரணியின் ஸ்போர் முளைத்ததும் நேராகச் செடியாகிவிடுவதில்லை. நகத்தைவிடச் சிறிய, வேரோ தடித்த தோலோ இல்லாத ஒரு பச்சைத் தகடு முதலில் உண்டாகிறது, அதிலிருந்துதான் இலைவிடும் செடி கிளம்புகிறது. அந்தத் தகடு பிழைக்க வேண்டுமானால், மழை ஓய்ந்த பிறகும் பல நாள் ஈரம் தங்கும் ஓர் இடம் வேண்டும். வெட்டவெளிப் பாறையில் அது நடக்காது. ஓடைக்குள் விழுந்தாலும் வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விடும். உச்சிவெயில் நேரே படாத பக்கத்தில், இரண்டு பாறைகள் கூடும் இடுக்கில், ஒரு பிடி இலைமக்கும் கொஞ்சம் மணலும் சேர்ந்திருக்கும் கையகல இடம்தான் அதற்குத் தோதானது. சுண்ணாம்புக் காரை வைத்துக் கட்டிய பழைய சுவர்களின் விரிசலும் ஏறக்குறைய இதே வசதியைத் தருவதால், அங்கும் இது முளைப்பதுண்டு. நாகமலை, யானைமலை, சிறுமலையின் தாழ்ந்த சரிவுகள் ஆகியவற்றில் இத்தகைய இடுக்குகளைத்தான் நீங்கள் தேடிப் பார்க்க வேண்டும்.

மாசியில் நீங்கள் கண்டது சாவு அன்று. ஈரம் வற்றியதும் விசிறியின் நாடாக்கள் ஒன்றோடொன்று ஒடுங்கிச் சுருண்டு, செடியே காய்ந்த புல் போல் ஆகிவிடுகிறது. இலைக்குள் இருந்த நீரில் பெரும்பகுதியை இழந்தும் உயிரை விடாமல் இருக்கும் திறன் இந்தப் பெரணிக்கு உண்டு. நல்ல மழை ஒன்று நனைத்தால் பழைய இலைகளே மறுபடி விரிந்து பச்சை காட்டும். மூன்றாவது படத்தில் சுருளுக்கு நடுவில் கருஞ்செதில் மூடிய குருத்து முனை தெரிகிறது பாருங்கள், அது கெட்டியாக இருக்கும் வரை கவலையில்லை.

அரியதா என்ற கேள்விக்கு வருகிறேன். இந்திய அளவில் பார்த்தால் இதை அரிய பெரணி என்று சொல்ல மாட்டேன். வறண்ட குன்றுகள் பலவற்றிலும் பரவலாக இருப்பது இது. மரம் போல் வளரும் சயாத்தியா பெரணிகள் சேர்வராயன், பழனி போன்ற மலைகளின் ஈரச் சோலைகளை நம்பி வாழ்பவை; அவற்றின் பன்னாட்டு வணிகத்தை சைட்டீஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியல் கட்டுப்படுத்துகிறது. மயில்சிகை அந்த வரிசையில் இல்லை. ஆனால் ஒரு வட்டாரத்தில் ஒரு செடி குறைவதற்கு அது நாடு முழுவதும் குறைய வேண்டும் என்பதில்லை. மருந்துக்காக வேரோடு பறிக்கிறார்கள், பாறையையே குவாரிக்கு வெட்டுகிறார்கள். மேலூர்க்காரரான உங்களுக்கு இரண்டாவதை நான் விளக்க வேண்டியதில்லை. இடுக்கு போய்விட்டால் அடுத்த இடுக்கு எங்கே என்பதுதான் இதன் சிக்கல்.

ஆகவே தொட்டிக்குக் கொண்டுவர வேண்டாம். அழகர்மலை வனத்துறையின் பொறுப்பில் உள்ள காடு, அங்கிருந்து செடியைப் பெயர்த்து எடுப்பது சட்டப்படி குற்றம். எடுத்தாலும் நிலைக்காது, இடுக்கில் இறுகிய கிழங்கு பிய்ந்துதான் வரும், தப்பித்தவறி முழுதாக வந்தாலும் நாம் தினமும் ஊற்றும் தண்ணீரில் அழுகிப்போகும். வளர்த்தே பார்க்க வேண்டும் என்று ஆசையிருந்தால், உங்களுக்குச் சொந்தமான பழைய சுவரில் இது முளைத்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதன் ஸ்போர்த் தூளை, கொதிநீரில் போட்டெடுத்த செங்கல் துண்டின்மேல் தூவி, கண்ணாடிப் பாத்திரத்தால் மூடி நிழலில் வையுங்கள். பச்சைத் தகடுகள் தோன்றவே வாரக்கணக்கில் ஆகும், செடியாக மாதக்கணக்கில் ஆகும்.

அதைவிடப் பயனுள்ள வேலை ஒன்று உண்டு. 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டத்தின்படி ஊராட்சிதோறும் பல்லுயிர் மேலாண்மைக் குழுவும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடும் இருக்க வேண்டும். உங்கள் வட்டாரத்து அரிட்டாபட்டி 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டதால், இந்தப் பேச்சு உங்கள் பக்கத்தில் புதிதன்று. கார்த்திகையில் மீண்டும் போகும்போது, இலையின் இருபுறமும், அளவுகோல் அருகில் வைத்து ஒன்றும், சற்றுத் தள்ளி நின்று பாறை முழுவதும் தெரியும்படி ஒன்றும் படம் எடுத்து, தேதியோடு உங்கள் ஊராட்சிக் குழுவிடம் கொடுங்கள். சரியான இடத்தை அவர்களிடம் மட்டும் சொல்லுங்கள், சமூக ஊடகத்தில் போட வேண்டாம்.