ரங்கூன் நெல்லின் விலை

அவைத் தலைவர் அவர்களே, பெரியோர்களே, நண்பர்களே,

உலகப் பொருளாதாரம் என்றதும் அது நமக்கு எட்டாத பெரிய மனிதர்களின் விவகாரம் என்று தோன்றிவிடுகிறது. ஆகவே இன்று ஒரே ஒரு சரக்கை, 1930ஆம் ஆண்டையொட்டி பர்மாவின் துறைமுக நகரான ரங்கூனில் விற்ற நெல்லை மட்டும் எடுத்துக்கொண்டு, அதன் விலை எந்தெந்த வீட்டுக்குள் நுழைந்தது என்று பார்க்க விரும்புகிறேன்.

1869இல் சூயஸ் கால்வாய் திறந்தபின் ஐரோப்பியச் சந்தை அருகே வந்தது; பர்மாவின் ஐராவதி ஆற்றுக் கழிமுகத்தில் காடும் சதுப்புமாகக் கிடந்த நிலம் மளமளவென்று வயலாயிற்று. காடு திருத்திய பர்மிய உழவருக்கு மாடு வாங்கவும் கூலி கொடுக்கவும் பணம் வேண்டியிருந்தது. அந்தப் பணத்தில் பெரும்பகுதி, செட்டிநாட்டிலிருந்து கடல்கடந்து கொண்டுவிற்கப் போன நகரத்தாரின், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின், வட்டிக்குப் பணம் கொடுக்கும் லேவாதேவிக் கடைகள் மூலம் வந்தது. கடையில் தொழில் பழகும் பெட்டியடிப் பையனாகக் கப்பலேறியவர், ஏஜெண்டுக்கு அடுத்த நிலையிலுள்ள அடுத்தாளாகி, கடையை நடத்தும் ஏஜெண்டாகி, மூன்றாண்டுக் கணக்கு முடித்து ஊர் திரும்புவார். காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்து வீடுகளில் இன்றும் நாம் தடவிப் பார்த்து வியக்கும் பர்மாத் தேக்குத் தூண்கள் அந்தக் கணக்கில் வந்தவை.

1929 அக்டோபரில் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்தது. உலகெங்கும் விளைபொருள் விலை விழ, ரங்கூன் நெல்லின் விலையும் இரண்டே ஆண்டுகளில் ஏறத்தாழப் பாதியாயிற்று. கடன் அப்படியே நின்றது. பழைய விலையில் வாங்கிய கடனைப் புதிய விலையில் தீர்க்க, உழவர் இரு மடங்கு நெல் அளக்க வேண்டியிருந்தது. அளக்க முடியாதவர் நிலத்தை இழந்தார். கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் நூற்றுக்கு 6 பங்காக இருந்த செட்டியார் நிலம், 1938க்குள் 25 பங்கை எட்டியது.

செட்டியார்கள் பேராசையால் நிலத்தை வளைத்துப் போட்டார்கள் என்று பர்மாவில் பேசினார்கள். எனக்கு அது பாதி உண்மையாகவே படுகிறது. லேவாதேவிக்கு வேண்டியது சுழலும் பணம். வாங்க ஆளில்லாத வயல் முடங்கிப்போன முதல்தான். கடையிலிருந்து வரவேண்டிய வட்டி வராதபோது, சீதனப் பணத்தை அதே கடையில் போட்டு வைத்திருந்த செட்டியார் வீட்டு ஆச்சிமாரின் கையும் இறுகியிருக்கும். ஆனால், பாட்டன் திருத்திய வயலில் குத்தகைக்காரராக நின்ற பர்மியருக்கு இந்த விளக்கம் என்ன ஆறுதல் தரும்? 1930 டிசம்பரில் கீழ்ப் பர்மாவின் தாராவாடியில் சயா சான் தலைமையில் உழவர்கள் கிளர்ந்தெழுந்ததன் பின்னணியில் வரிச்சுமையும் இந்த நெருக்கடியும் இருந்தன.

இந்தக் கரையில், தஞ்சாவூர் மிராசுதார்கள் மலிவான பர்மா அரிசி தங்கள் நெல்லின் விலையைக் கெடுக்கிறதென்று குறைபட்டார்கள். விலைவாசி வீழ்ச்சியில் கூலி வேலையும் குறைந்துபோனவருக்கு அந்த மலிவு எவ்வளவு உதவியது என்பது வேறு கேள்வி. 1942 மார்ச்சில் ஜப்பானியர் ரங்கூனைப் பிடித்ததும் அந்த அரிசியைக் கொண்டுவந்த கப்பல்கள் நின்றன. மலிவாகக் கிடைக்கிறதே என்று குறை சொல்லப்பட்ட அதே அரிசி இல்லாமல், சென்னை மாகாணத்துக் குடும்பங்கள் ரேஷன் கடை வாசலில் வரிசையில் நிற்கத் தொடங்கின.